அச்சிமுகம்மதுவின் சுடுதண்ணீர்

கல்முனைப் பவர்ஹவுஸில் டீசல் எஞ்சினை ஓட்டியவர் அச்சிமுகம்மது. சம்மாந்துறை நெல்லு மில்லில் தொழில் பழகி வந்தவர். நாற்பது வயதாகியும் கல்யாணம் முடிக்கவில்லை. எஞ்சினைத் துடைப்பதில் காட்டும் அக்கறையைத் தன் சாப்பாட்டில்கூடக் காட்டமாட்டார் என்று அவருடைய அக்கா நாச்சியா ராத்தா குறைப்படுவாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் வடிந்த கிழமை, மருதமுனையிலிருந்து றாஹிலா தன் மதினியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் மவுத்தாகி மூன்று வருடம். நெசவுக்காரருக்கு நூல் சாயம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவள். சாயத் தண்ணீர் காய்ச்ச ஊரில் காய்ந்த விறகு ஒன்றுகூட இல்லை.

"காக்கா, எஞ்சினைக் குளிரப்பண்ணிட்டு வாற சுடுதண்ணி சும்மா கானுக்குள்ளதானே போகுது? அதை எனக்குத் தாங்களன்."

"அள்ளிக்கங்க" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

மறுநாளும் வந்தாள். "சூடு காணாது காக்கா. சிவப்பு நூல்ல புடிக்குதில்ல."

இரண்டு நாள் யோசித்தார். எஞ்சினின் புகைக்குழாய் கைவைக்க முடியாத சூட்டில் நின்றது. பழைய செப்புக்குழாயொன்றை அதில் சுற்றி, சுடுதண்ணீரை அதற்குள்ளால் விட்டு, ஒரு பீப்பாயில் இறக்கினார். பின்னேரம் எஞ்சின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பீப்பாய்த் தண்ணீர் கொதித்தது. றாஹிலா நூலைத் தோய்த்துத் தூக்கினாள். மாதுளம்பூ நிறம். அவள் சிரித்ததை அன்றுதான் அவர் பார்த்தார்.

மட்டக்களப்பிலிருந்து எஞ்சின் பரிசோதகர் நேசராசா வந்த நாளில் வடிகால் கானில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. அச்சிமுகம்மது ஒளிக்கவில்லை.

"எண்ணெய் ஒரு சொட்டும் கூடப் போகல்ல ஐயா. வீணாப் போற சூடுதான்."

நேசராசா குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கெட்டித்தனம்தான். ஆனா ஆவி அடைச்சுக் குழாய் வெடிச்சா, பக்கத்தில நிக்கிற பொம்புளைக்கு என்ன ஆகும்?"

அச்சிமுகம்மது றாஹிலா வழக்கமாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆவி போக ஒரு வழி வையுங்க. பீப்பாயை வேலிக்கு வெளியில மாத்துங்க. அப்ப நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் போனார்.

இரண்டு வேலையையும் அன்றே முடித்தார். முடித்தபிறகும் பயம் போகவில்லை. பயந்தது எஞ்சினுக்காக அல்ல, அவளுக்காக என்று அவருக்கு விளங்கியது. மறுநாள் காலையில் பெண் கேட்டு நாச்சியாவை மருதமுனைக்கு அனுப்பினார்.

நாலாம் நாள் றாஹிலா பீப்பாயடியில் நின்று, நூலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒங்கட ராத்தாக்கிட்ட ஓம் எண்டு சொல்லியனுப்பிட்டன்."

அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. ஊர் வழக்கப்படி அவர் பெண்வீட்டில் குடியேறினார். பின்னேரம் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பின்னால் நூல்கட்டு இருக்கும். என்ன அது என்று யாராவது கேட்டால், "வீட்டுக்காரிட நூல்" என்று சொல்வதற்காகவே சைக்கிளை விட்டு இறங்குவார்.