சிஸ்டர் ஜெபாவும் மன்றாட்டுப் பெட்டியும்

சிஸ்டர் ஜெபாவைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் சபையில் எல்லோரும் அவர் கையைப் பற்றித்தான் எழுதுவார்கள். முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவர். ஊசி போட்டால், குழந்தை அழ வாய் திறப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார். வயிற்றைத் தொட்டுப் பார்த்து "இது குடல்வால், உடனே கிளம்பு" என்பார். பிறகு ஸ்கேனும் அதையே சொல்லும். நானும் அந்தக் கையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூடவே என் கதையும் கொஞ்சம் வரும். அது அவ்வளவு அழகாக இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கன்னியர் மடம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. நாங்கள் ஆறு பேர். நான் இல்லத் தலைவி. ஜெபா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மடத்தின் வாசல் அறையில் ஒரு சின்ன மருந்தகம் வைத்திருந்தோம். எஸ்டேட் கம்பெனிகளில் மிஷினில் விரல் நசுங்கியவர்கள் எல்லாம் முதலில் அவரிடம்தான் ஓடி வருவார்கள். நாலு வருடம் முன்பு அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போய் இரண்டு முறை தவறிவிட்டது. அன்றே சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இனிமே நான் ஊசி எடுக்கக் கூடாது சிஸ்டர். மருந்தகத்தை மூடிருங்க."

அன்று மாலை செபத்தில் அவர் கைக்காக எல்லோரும் சேர்ந்து மன்றாடினோம். மனம் உருகித்தான் மன்றாடினோம். மறுநாள் நான் அவருக்குச் சிற்றாலய வேலையைக் கொடுத்தேன். பீடத்துக்குப் பூ மாற்ற வேண்டும், மெழுகுவர்த்தி வைக்க வேண்டும், கெபியில் இருக்கும் மன்றாட்டுப் பெட்டியைக் கவனிக்க வேண்டும்.

கெபி தெருவைப் பார்த்து இருக்கிறது. கல்லடுக்கிய சின்னக் குகை, அதில் மாதா சுரூபம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஷிப்ட்டுக்குப் போகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் கும்பிட்டு, மனதில் இருப்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜெபா பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் படிப்பார். சனிக்கிழமை நவநாள் வழிபாட்டில் பெயர் எதுவும் சொல்லாமல் கருத்தை மட்டும் சொல்லி மன்றாடுவோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லாச் சீட்டுகளையும் தூபக்கால் நெருப்பில் போட்டு எரித்துவிடுவோம்.

எழுதியவர் யார் என்று தேடிப் போகக் கூடாது. இது நான் போட்ட சட்டம். காரணம் இல்லாமல் போடவில்லை. முன்பு எங்கள் இளம் சகோதரி ஒருத்தி, புதிதாகக் கல்யாணமான பெண்ணின் சீட்டைப் படித்துவிட்டு, நல்லெண்ணத்தில் அவள் வீட்டுக்கே போய்ப் புருஷனுக்குப் புத்தி சொன்னாள். அந்தப் பெண் அடிபட்டு அம்மா வீட்டுக்குப் போனாள். ஆறு மாதம் பெட்டியில் ஒரு சீட்டும் விழவில்லை. அதன் பிறகுதான் சொன்னேன்: சீட்டு மாதாவுக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ளது, நாம் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே என் ஞானம் ரொம்பப் பிடித்திருந்தது.

போன ஆடி மாதத்தில் முதல் சீட்டு வந்தது. ஏற்றுமதிச் சட்டைகளில் அளவு போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. "மாதாவே மார்ல கட்டி ஒண்ணு கீது. வலி இல்ல. கரஞ்சி பூடணும். பொண்ணு பிளஸ் டூ." பெயர் இல்லை.

ஜெபா அட்டையோடு என் அறைக்கு வந்தார். "எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை பாக்குற பொம்பள சிஸ்டர். சாயங்காலம் கேட்ல போய் நின்னா கண்டுபிடிச்சிரலாம்."

"நின்னு?"

"கூட்டிட்டுப் போய்க் காட்டணும். வலி இல்லாத கட்டிதான் மோசம் பாத்துக்கிடுங்க."

முடியாது என்றேன். கேட்டில் ஒரு கன்னியாஸ்திரீ போய் நின்று "யாருக்கு மாரில் கட்டி?" என்று கேட்டால் அந்தப் பெண்ணின் மானம் என்ன ஆகும் என்று கேட்டேன். நவநாள் முடிவில், கட்டி இருப்பவர்கள் உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டார். சீட்டில் எழுதுவதை மேடையில் சொல்கிறார்கள் என்று பேர் வந்துவிடும் என்றேன். அவர் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்து நாற்பது வருடம் ஆனவர். அட்டையைக் கையில் பிடித்தபடி வெளியே போனார்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு அட்டை வந்துகொண்டே இருந்தது. கட்டி எலுமிச்சங்காய் அளவு ஆனது. பிறகு, "மேல்தோலு கமலாப்பழத் தோலாட்டம் ஆயிட்சி." அன்றைக்கு ஜெபா மறுபடியும் வந்தார். அந்த வரியைக் காட்டினார்.

"இதுக்கு மேல எனக்குப் படிக்க முடியல சிஸ்டர். இது என்னன்னு எனக்குத் தெரியும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்பது நாள் கூடுதலாகச் செபமாலை சொல்ல ஏற்பாடு செய்தேன். ஆறு பேரும் முழந்தாளில் நின்று சொன்னோம். பத்தாம் நாள் மனதுக்கு நிறைவாக இருந்தது என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கிழித்துப் போடத் தோன்றுகிறது. இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஜெபா சட்டத்தை மீறாமலே முயன்று பார்த்தார். எப்போது பார்த்தாலும் கெபியைப் பெருக்கிக்கொண்டு இருப்பார். சாயங்காலம் பெருக்குவார், மத்தியானம் பெருக்குவார். அந்தப் பெண் கண்ணில் படவே இல்லை. அவள் வந்தது காலை ஐந்தே முக்காலுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அது எங்கள் தியான நேரம். மணி அடித்தால் அரை மணி நேரத்துக்கு யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவள் வெளியே நின்று அட்டையைப் போட்டபோதெல்லாம், இருபதடி தூரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மாசி மாதம், தவக்காலம் தொடங்கிய வாரத்தில் இன்னொரு அட்டை வந்தது. "புண்ணு நாத்தம் அடிக்குது. பக்கத்து மிஷின் பொண்ணு இடம் மாத்திக்கினு பூட்டா. பரீட்சை முடியற வரிக்கும் தாங்கணும் தாயே."

மறுநாள் தியானத்தின் நடுவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். ஜெபா எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. காலை உணவின்போது கேட்டேன். "மன்னிச்சிருங்க சிஸ்டர். நாளைக்கும் போவேன்" என்றார். நாற்பது வருடத்தில் அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. நாலாவது நாள் கெபியின் படியில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தார்.

அவள் பெயர் நாகம்மா. அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது கம்பெனிகள் நிற்கின்றன, அதில் ஒன்றில் அவளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஸ்வாதி. நாகம்மாவின் அம்மாவுக்கும் இதே நோய். ஆபரேஷன் செய்த மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று நாகம்மா அன்றே முடிவு செய்திருந்தாள். மகளுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தாள். மாதாவுக்கு மட்டும் சொன்னாள்.

கத்தி வைக்க மாட்டார்கள், காட்டிவிட்டு மட்டும் வரலாம் என்று சொல்லி ஜெபா அன்றே அவளைக் கீழ்ப்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். பரிசோதனை எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து டாக்டரம்மா எங்களைத் தனியே கூப்பிட்டார். எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார். "ஆறேழு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம் சிஸ்டர்." ஜெபா தலையைக் குனிந்துகொண்டார். ஆறேழு மாதம் முன்பு தடுத்தவள் பக்கத்தில்தான் நின்றாள். டாக்டரம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

அதன் பிறகு ஜெபா தினமும் நாகம்மா வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினார். ஒற்றை அறை வீடு. கட்டிலில் நாகம்மா, சுவரோரம் ஸ்வாதியின் புத்தகங்கள். மகளிடம் உண்மையை ஜெபாதான் சொன்னார். அந்தப் பெண் அழுது முடித்துவிட்டு வந்து மருந்துத் தட்டைப் பிடித்துக்கொள்வாள். கை நடுங்கி மருந்துத் துணி நழுவினால் ஜெபா புதிதாக ஒன்றை எடுப்பார். மற்றவர்கள் கால் மணியில் முடிப்பதற்கு அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். நாகம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு நாள் நானும் இருந்தபோது ஜெபா கட்டை முடித்துவிட்டுத் திடீரென்று சொன்னார்.

"நாகம்மா, நீ போட்ட சீட்டெல்லாம் படிச்சது நான்தான். முத சீட்டிலேயே எனக்குத் தெரியும், இது என்னன்னு. ஆனா நான் வரல. ஜெபம் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். என்ன மன்னிச்சிரு."

என் பெயரைச் சொல்லவில்லை. சட்டத்தையும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கோழை என்று என்னை யாராவது சொன்னால் மறுத்துப் பேச மாட்டேன்.

நாகம்மா ஜெபா பக்கம் திரும்பினாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்தது.

"நெஜமா நீங்க படிச்சீங்களா சிஸ்டரம்மா? நான் சும்மா பெட்டிக்குள்ள கெடக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்க ஊட்ல ஒருத்தருக்கும் தெரியாது. கம்பெனில தெரியாது. அப்ப உங்க ஒருத்தருக்காவது தெரிஞ்சி கீது. நான் தனியா இல்ல."

ஜெபா அவள் காலடியில் முகத்தை வைத்து அழுதார். அவள் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். நான் வெளியே வந்து நின்றேன். தெருவில் தண்ணி லாரி வந்து குடங்கள் வரிசையில் நின்றன. யாரோ என்னிடம் ஸ்தோத்திரம் சொன்னார்கள். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஸ்வாதி பரீட்சை எழுதி முடித்தாள். கடைசிப் பரீட்சை அன்று நாகம்மா எழுந்து உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிவிட்டாள். உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது தலையணைக்குக் கீழிருந்து ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். நாலாக மடித்திருந்தது.

"பெட்டில போட்ரு சிஸ்டர். நீ படிக்காத. சிஸ்டரம்மாதான படிக்கணும்."

போட்டேன். வியாழக்கிழமை காலை நாகம்மா இறந்துவிட்டாள். ஜெபா அவளைக் குளிப்பாட்டி, கடைசியாக ஒரு முறை கட்டுப் போட்டு, கம்பெனிப் பெண்கள் கொண்டுவந்த மஞ்சள் புடவையைக் கட்டிவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறிய அந்தப் பக்கத்து மிஷின் பெண்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெபா பெட்டியைத் திறந்தார். வெகு நேரம் ஆகியும் வரவில்லை என்று சிற்றாலயத்துக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடித்த அட்டை பிரிந்து மடியில் கிடந்தது. "எனக்கு வாசிக்க முடியல சிஸ்டர். நீங்களே வாசிங்க" என்றார்.

வாங்கி வாசித்தேன். "மாதாவே, எனக்கு ஒண்ணும் வாணாம். புண்ணு கட்டற சிஸ்டரம்மா கை ரொம்ப நடுங்குது. யாராவது இட்டுக்கினு போயி காட்டணும். அவங்க தனியா போவ மாட்டாங்க. இப்படிக்கு நாகம்மா." முதல் முறையாகப் பெயர் போட்டிருந்தாள். கீழே தெருப் பெயரும் இருந்தது.

நாலு வருடமாக அந்தக் கையைத் தினம் மூன்று வேளை சாப்பாட்டு மேசையில் பார்க்கிறோம். தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடுவோம். நவநாள்களில் அவருக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சேர்த்துக்கொள்வோம். ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வயசாச்சு என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். கட்டிலில் படுத்துச் செத்துக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

திங்கட்கிழமை தியானத்தின் நடுவில் நான் எழுந்தேன். நாற்காலி சத்தம் போட்டது. ஜெபாவின் தோளைத் தொட்டு "கிளம்புங்க" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்.

நரம்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், தாளில் ஒரு சுழி போடச் சொன்னார். சுழி கோணிக்கொண்டு ஓடியது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நாலு வருஷமா" என்றார் ஜெபா.

"மாத்திரை ஆரம்பிக்கலாம். முன்னாடியே வந்திருந்தா நல்லா கேட்டிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கூட இருக்கிறவங்க நீங்கதானே? இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

செபம் பண்ணிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.