அப்பாவின் நெஞ்சுக்கு நான் கொடுத்த ஒத்தடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைவிட மோசம், எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற திமிர். கொழும்பு ஆஸ்பத்திரியில் அப்பாவின் இடது நெஞ்சுத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் என்கிற குட்டிப் பெட்டியை வைத்து அனுப்பியபோது, "அந்தப் பக்கம் தேய்க்கவே கூடாது" என்று தாதி படித்துப் படித்துச் சொன்னார். ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகவில்லை, நான் தேய்த்தேன்.

அப்பாவுக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. "கையத் தூக்க முடியலயே புள்ள, நான் எப்புடி பால் வெட்டப் போவேன்?" என்பார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே பழகிய மனுஷர். எங்கள் லயத்தில் எந்தப் பிடிப்புக்கும் ஒரே வைத்தியம்தான்: கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், பிறகு எண்ணெய் போட்டு அழுத்தி உருவுதல். அம்மா மலைக்கு வேலைக்குப் போன பிறகு தினமும் செய்தேன். பெட்டி இருந்த இடம் புசுபுசுவென்று வீங்கியது. "நீர் எறங்குதுப்பா, சரியாயிரும்" என்றேன். பெரிய டாக்டர் நான்!

முதல் கிளினிக்கில், மிஸ் என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒருவர் வயர் வைத்த வட்ட மூடி போன்ற ஒன்றை அப்பாவின் நெஞ்சில் வைத்தார். மெஷினில் ஒன்றும் வரவில்லை. மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். ஊஹூம்.

"பெட்டி செத்துருச்சா?" என்று அப்பா மெதுவாக என்னிடம் கேட்டார்.

மிஸ் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, சிங்களத்தில் விளக்கினார். பெட்டிக்குள் குட்டி அன்டெனா இருக்கிறதாம். அது பேசுவது சதையைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டுமாம். இப்போது சுற்றிலும் இரத்தமும் நீரும் தேங்கி, பெட்டி ஆழத்துக்குப் போய்ச் சாய்ந்துவிட்டதாம். அது வேலை செய்கிறதா என்றே தெரியவில்லை என்றார்.

"நம்ம டீவி மாதிரி" என்றார் அப்பா என்னைப் பார்த்து. ரப்பர் இலை கொட்டும் மாதத்தில் எங்கள் வீட்டில் படம் பளிச்சென்று வரும். இலை துளிர்த்து மழையிலும் நனைந்துவிட்டால் வெறும் புள்ளிதான். கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்புவது அவர்தான்.

"யார் இதைத் தேய்த்தது?" என்று மிஸ் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

"மம தமய் மிஸ்," என்றார் அப்பா. நான்தான் என்று. "என் கை சும்மா இருக்காது" என்று சிங்களத்திலேயே சேர்த்துக்கொண்டார்.

மிஸ் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். உயிர் விளையாட்டா, சீழ் பிடித்தால் என்ன ஆகும், திரும்பவும் வெட்டித் திறக்கவேண்டும் என்றார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். சீ, என்ன பிறவி நான்!

வெளியே வந்ததும் அழுதேன். "ஏம்பா பொய் சொன்னீங்க?"

"நீ வேற. ஒன்னய ஏசுனா நீ திருப்பி ஏசுவ. அப்பறம் அந்தம்மா எனக்கு எப்புடி வைத்தியம் பாக்கும்?"

திரும்பத் திறந்தார்கள். பெட்டி பிழைத்தது, அப்பாவும் பிழைத்தார். தோள் மட்டும் சரியாகவில்லை. பால் வெட்ட அவர் பிறகு போகவேயில்லை. அம்மாவிடமும் தானே தேய்த்ததாகத்தான் சொல்லியிருந்தார். "சொன்னாக் கேக்குற ஆளா இது?" என்று அம்மா திட்டும்போதெல்லாம் அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார்.

சில வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்த அன்றும் அம்மா அதைச் சொல்லித்தான் அழுதாள்: "கையி சும்மா இருக்காத மனுசன், தானே தேச்சுக் கெடுத்துக்கிட்டாரே!"

நான் அம்மாவின் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன்.