பிந்தி வரும் வலது கண்

முதலில் போனது சிவப்பு. அலோர் காஜா சிக்னலில் வேனை நிறுத்திவிட்டு, தூசி விழுந்த இடது கண்ணைப் பொத்திக் கசக்கினேன். வலது கண்ணுக்குச் சிவப்பு விளக்கு, ஐஸ் கரைந்துபோன ரோஜா சிராப் தண்ணீர் மாதிரி வெளிறித் தெரிந்தது. பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். விளக்குதான் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வலது கண்ணை உருட்டினாலே வலித்தது. அந்த வாரத்துக்குள் பார்வையின் நடுவில் சாம்பல் நிறப் புகை வந்து உட்கார்ந்துவிட்டது. அத்தை, என் கணவரின் அம்மா, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் பிழிந்து ஊற்ற வந்தார். கண்ணாடிக் கடைக்காரர் புதுக் கண்ணாடி விற்கப் பார்த்தார். உங்களுக்கும் நிறம் வெளுத்து, கண் அசையும்போது வலித்தால் பூவும் வேண்டாம், கடையும் வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்கு வந்தது ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பின் அழற்சி). ஸ்கேனில் மூளையில் வேறு தழும்பு எதுவும் இல்லை என்றார்கள். கையில் ஊசி செருகி ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) ஏற்றினார்கள். வாய் முழுக்க இரும்பு ருசி, ராத்திரித் தூக்கமில்லை, எரிச்சலில் என் கணவர் சேகரிடம் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. என் நாத்தனார் வேனை ஓட்டினாள். நான் வீட்டிலிருந்தபடி எப்போது மறுபடி அந்த இருக்கையில் உட்காருவேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்றவர்கள் என்னை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறார்கள்.

புகை மெல்ல விலகியது. சில மாதங்களில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிட்டேன். பெரிய டாக்டர் கைகுலுக்காத குறைதான்.

"கண்ணு நல்லாயிருச்சும்மா. இனிமே வேன் ஓட்டலாம்."

ஆனால் நல்லாகவில்லை. சேகர் சாவியைத் தூக்கிப் போட்டால் நான் காற்றைப் பிடித்தேன். சாவி நெஞ்சில் வந்து விழும். நடந்து சாலையில் இறங்கினால் மோட்டார் சைக்கிள்கள் ஓட வேண்டிய இடத்தில் ஓடவில்லை. டாக்டரிடம் சொன்னேன். பலகையைக் காட்டினார், படித்தேன். மறுபடி சொன்னேன். மறுபடி பலகை. "ரொம்ப யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். படித்தவர் சொன்னால் வீட்டில் கேட்பார்களா, நான் சொன்னால் கேட்பார்களா? "பயம்தான்லா, வேற ஒன்னுமில்ல" என்றார் சேகர். நெஞ்சில் சாவி விழுவது பயத்தினாலா?

அத்தைக்கோ சந்தேகமே இல்லை. இந்த வட்டாரத்தில் சொந்த வேன் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான், ஊர்க்கண் பட்டுவிட்டது. அவர் சொல்லி, சேகர் வேனுக்குள் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் மிளகாய் கோத்த எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சிம்பாங் அம்பாட் போனோம். வளைவுகளில் பழம் ஆடியது. இடமிருந்து வலம் போகும்போது என் மூக்கை நோக்கி வந்தது, திரும்பும்போது தள்ளிப் போனது. நான் தலையைப் பின்னால் இழுத்தேன்.

"என்னங்க, இந்தப் பழம் ஏன் சுத்துது?"

"எங்க சுத்துது? நேராதான ஆடுது."

வீட்டுக்கு வந்து அவர் இதை அத்தையிடம் சொல்லித் தொலைத்தார். கட்டின பழமே சுற்றுகிறதென்றால் எப்பேர்ப்பட்ட திருஷ்டி! அத்தை இன்னும் இரண்டு பழம் வாங்கிவந்தார். வாசலில் பூசணிக்காயும் உடைந்தது. மூன்று பழங்கள் ஆடும் வேனுக்குள் உட்கார்ந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு ஒரு பழத்தை நூலோடு கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சிரித்தால் சிரிக்கட்டும். அன்றைக்குப் பெரிய டாக்டர் இல்லை; கௌரி என்ற இளம் டாக்டர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. நூலைப் பிடித்து என் முன்னால் பழத்தை ஆட்டினார்.

"சுத்துதாக்கா?"

"சுத்துது டாக்டர்."

வலது கண்ணை மூடச் சொன்னார். பழம் நேராக ஆடியது. இரண்டையும் திறக்கச் சொல்லி, நல்ல கண்ணான இடது கண்ணின் முன்னால் கறுப்புக் கண்ணாடிச் சில்லைப் பிடித்தார். அப்போதும் நேராகத்தான் ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண் படம் பிடித்து மூளைக்கு அனுப்புகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். விழித்திரையின் (கண்ணின் உட்சுவரில் ஒளியை உணரும் படலம்) நரம்பணுக்கள் சிறு மின்துடிப்புகளை மட்டுமே அனுப்புகின்றன. வெளிச்சம் வந்தால் துடிப்பது ஒரு வகை, போனால் துடிப்பது இன்னொரு வகை. ஓரத்துக்கும் நிறத்துக்கும் நகர்வுக்கும் வேறு வேறு வகைகள் உண்டு. எது துடித்தது, எத்தனை விரைவாக, எந்த நேரத்தில் என்பதுதான் செய்தி. அதிலிருந்து உலகத்தைக் கட்டிக்கொள்வது மூளையின் வேலை.

"உங்க நரம்போட உறை உரிஞ்சிருக்குக்கா. துடிப்பு வருது, ஆனா லேட்டா வருது. லேட்டுன்னு மூளைக்குத் தெரியாது. ரெண்டு கண்ணும் வேற வேற இடம் காட்டுதே, அப்போ சாமான் கிட்ட இருக்கு, இல்ல தள்ளி இருக்குன்னு அதுவா முடிவு பண்ணிக்குது."

"அப்போ எழுத்து மட்டும் எப்படிச் சரியாத் தெரியுது?"

"எழுத்து ஓடாதேக்கா. எவ்ளோ லேட்டா வந்தாலும் அது அங்கயேதான் இருக்கும்."

நாற்சந்தியில் வலப்பக்கமிருந்து வரும் லாரி உள்ளதைவிடத் தள்ளித் தெரியுமாம். பெரிய டாக்டர் பேச்சைக் கேட்டு, வேன் நிறையப் பிள்ளைகளோடு நான் அங்கே வண்டியை எடுத்திருந்தால்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உரிந்த உறை முழுதாக வளராது என்றார் கௌரி. அதற்கு வைத்தியம் வேடிக்கையானது. நல்ல கண்ணுக்கு மங்கலான கண்ணாடி போட்டால், வெளிச்சம் குறைந்து அதுவும் தாமதமாகும், இரண்டும் ஒன்றுசேரும். குணமாக்குங்கள் என்று போனவளுக்கு, இருந்த நல்ல கண்ணையும் மெதுவாக்கிக் கொடுத்தார்கள்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துச் சாலையில் சேகரைப் பக்கத்தில் உட்காரவைத்து மாதக்கணக்கில் வெறும் வேனை ஓட்டிப் பழகினேன். சாவியைத் தூக்கிப் போடச் சொல்லிப் போடச் சொல்லிப் பிடித்தேன். கௌரி சரியென்று சொன்ன பிறகுதான் பிள்ளைகளை ஏற்றினேன்.

இப்போது சந்திப்பில் மற்றவர்களைவிட நேரம் எடுத்துக்கொள்கிறேன். சாலை காலியாகத் தெரிந்தாலும் இன்னொரு முறை பார்க்கிறேன். பின்னால் வருபவர்கள் ஹார்னில் கையை வைத்து எடுப்பதில்லை. நேற்றும் ஒருவர் பக்கத்தில் வந்து கார்க் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார். யார் கண்ணிலிருந்தும் துடிப்பு மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்; பார்ப்பது எல்லாமே கொஞ்சம் முன்பே நடந்து முடிந்தது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன், அவரும் அப்படித்தான் பார்க்கிறார். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், என் வேனில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடித்தால் அடிக்கட்டும் ஹார்ன்.