கடித்த அன்றே பயப்படச் சொன்னவர்

ஜவுளிக் கடைக்காரனுக்கு ஊரில் நடக்கிற கல்யாணமும் முதலில் தெரிந்துவிடும், சாவும் முதலில் தெரிந்துவிடும். இரண்டுக்கும் துணி வேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஞானாபரணத்தின் கம்பவுண்டர் படியேறி வந்து, "அண்ணாச்சி, வெள்ள மல்லுத் துணி வேணும். பெட்டிக்குள்ள விரிக்க" என்றார். முழக்கோலை எடுத்தபடி அவர் முகத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார்: "டாக்டரு போயிட்டாவ. நேத்தே சொன்னாவ, நாளைக்கு டிஸ்பென்சரி தொறக்காண்டாம், இந்த நெஞ்சு தாங்காதுன்னு. நாங்கதான் நம்பல."

துணிக்குக் கட்டுப்பாடு இருக்கிற காலம். ரேஷன் கார்டு எங்கே என்று கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. கேஸ் போடுகிறவன் போட்டுக்கொள்ளட்டும் என்று இருப்பதிலேயே நல்ல பீஸை எடுத்துக் கிழித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு கல்லாவில் உட்கார முடியாமல் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவரிடம் திட்டு வாங்காதவர் தென்காசியில் யார் இருக்கிறார்கள்? ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வருகிற வழியில் அவர் டிஸ்பென்சரி. சாரல் மாதங்களில் மாலை வேளைகளில் குற்றாலத்திலும் ஓர் அறை எடுத்து உட்காருவார். கைராசிக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. 'சாக்குருவி டாக்டர்' என்றுதான் சொன்னோம். மற்ற வைத்தியர்கள் நாடியைப் பிடித்தவுடன் பயப்படாதீர்கள் என்பார்கள். இவர் எடுத்த எடுப்பிலேயே, என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று சொல்லுவார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிற முகங்களை அந்த வழியாகப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன்.

பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாக்கு வறள வைத்திருந்தாள் ஒரு தாய். "பயிரு வாடுனா தண்ணி பாய்ச்சுவியா, மடைய அடைப்பியா?" என்று கேட்டார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை அங்கேயே, தன் முன்னாலேயே, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வைத்தார். பிள்ளை கண் திறந்த பிறகும் அவளைச் சிரிக்க விடவில்லை. "இன்னும் மூத்திரம் போகல. போனாத்தான் பிள்ள ஒனக்கு" என்றார். அந்தப் பெண் எங்கள் தெருக்காரி. அவர் பெயரைச் சொன்னால் இன்றும் பல்லைக் கடிப்பாள். காய்ச்சல் என்றால் மட்டும் அவரிடம்தான் ஓடுவாள்.

பாவூர்சத்திரத்துப் பண்ணையார் ஒருவர் வயிற்றுவலி என்று வண்டியில் வந்து இறங்கியபோது நான் அங்கே இருந்தேன். அவர் மனைவி வழிநெடுக விளக்கெண்ணெய் கொடுக்கப் பார்த்து, இவர் மறுத்துக்கொண்டே வந்திருக்கிறார். வலப்பக்க அடிவயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர் அந்த அம்மாள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி வாசலில் கொட்டினார். "வயித்துவலிக்கு எண்ண குடுக்குறது, எரியுத வீட்டுக்குக் கதவத் தொறந்து விடுத மாதிரி. குடிச்சிருந்தா குடலு வெடிச்சிருக்கும். இப்பமே ரயிலேறுங்க, கத்தி வைக்கணும்" என்றார். அந்த அம்மாளுக்கு மயக்கமே வந்துவிட்டது. கொஞ்சம் நயமாகச் சொன்னால் என்னவாம் என்று நான் முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது. "நயமாச் சொன்னா சாப்பிட்டுட்டுப் போவோம்பாங்க" என்றார்.

எனக்கும் அவருக்கும் ஆன கதையைச் சொல்லாமல் இந்த அஞ்சலி நிறையாது. என் மகள் கோமுவுக்கு அப்போது எட்டு வயது. என் மனைவி செண்பகத்தின் தம்பி குற்றாலிங்கம் இலத்தூரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காள் மகள் என்றால் அவனுக்கு உயிர். ஆனி மாதம் ஒருநாள் துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டான். வந்த அன்றைக்கே அது கோமுவின் உள்ளங்கையைக் கடித்துத் தொங்கியது. இழுத்து எடுக்கப் போன அவன் விரலையும் கடித்தது. செண்பகம் இருவருக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். நான் நாய்க்குட்டியைத் திட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அத்தான், பால்குடி மறக்காத குட்டி. பல்லே இப்பத்தான் மொளைக்குது" என்றான்.

அந்தக் குட்டி இரண்டொரு நாளில் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. பால் வைத்தால் பக்கத்தில் வரும், நாக்கை நீட்டும், குடிக்க முடியாமல் திரும்பிவிடும். தாடை தொங்கி எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. பிறகு செத்துப்போனது. என் பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரையும் பேரருவியில கொண்டு நிறுத்து. வெசம் ஏறியிருந்தா தண்ணியப் பாத்ததும் கத்தும். ஏறலன்னா சிரிச்சுக்கிட்டு நிக்கும். மலையில இருக்க அம்புட்டு மூலிகையும் அந்தத் தண்ணியில வருதுல்லா, மிச்சம் மீதிய அதுவே எடுத்துரும்" என்றார். நம் பக்கத்தில் இதைக் கேள்விப்படாதவர் உண்டா? மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனோம்.

நல்ல சாரல். அருவி இரைந்து விழுந்தது. குற்றாலிங்கம் கோமுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராகத் தண்ணீருக்கு அடியில் போய் நின்றான். நான் கோமுவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. மாமன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். வெளியே வரமாட்டேன் என்றாள். செண்பகம் திரிகூட மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வடை வாங்கிக் கொடுத்து, ஈரத் துணியோடு வண்டிக்கு நடந்து வந்தோம். வழியில் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்த டாக்டர், பிள்ளையின் கையில் கரைந்து ஓடிய மஞ்சளைப் பார்த்துவிட்டார்.

"என்ன காயம்?" என்று கேட்டார். சொன்னோம். "நாய் எங்க?" என்றார். செத்துவிட்டது என்றோம். "எப்படிச் செத்தது?" என்றார். செண்பகம் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. அருவியில் நிறுத்திப் பார்த்துவிட்டோம், இருவருமே பயப்படவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அந்தப் பயம் வாரதுக்கு இன்னும் நாள் கெடக்கு வே. வந்துட்டா எந்த டாக்டராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. பயம் கடிச்ச அன்னைக்கு வரணும். பொறகு வாரது பயம் இல்ல, சாவு" என்றார். எட்டு வயதுப் பிள்ளையின் காதில் விழும்படி சொன்னார். செண்பகம் அவரை ஏசிவிட்டாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருவர் கையையும் சோப்புப் போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி, கோமு அலற அலறக் கழுவினார். நாய் கடித்த நிமிஷமே வீட்டில் இதைச் செய்திருக்க வேண்டும், சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைப்பது விஷத்தை உள்ளே வைத்துப் பூசுவது என்றார். காலை ரயிலில் இருவரும் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இரண்டு வாரம் தினமும் வயிற்றில் ஊசி என்றார். குற்றாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டான். "கால்வாயில தண்ணி வந்தாச்சு டாக்டரய்யா. நாத்து முத்திக் கெடக்கு. இப்பம் ரெண்டு வாரம் போனா என் வயக்காட்ட யாரு நடுவா? பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு ஒரு விரலுதான?" என்றான்.

நான் போனேன். தைரியத்தால் போகவில்லை, அந்த மனிதர் மூட்டிவிட்ட பயத்தால் போனேன். ஊசியைக் கண்டதும் கோமு சுவரோடு ஒண்டுவாள். நான்தான் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் வயிறு தடித்துச் சிவந்து, சோறு இறங்காமல் கிடந்தபோது, அந்தச் சாக்குருவி நன்றாக இருப்பானா என்று வாய்விட்டுச் சபித்திருக்கிறேன். நாங்கள் அங்கே கிடந்த நாட்களில் டாக்டர் இரண்டு தடவை சைக்கிளை மிதித்து இலத்தூர் வயலுக்கே போய்க் கெஞ்சினார் என்று பிற்பாடு தெரிந்தது. எவரிடமும் கெஞ்சாத மனிதர், வரப்பில் நின்று கையைப் பிடித்திருக்கிறார். நடவு முடியட்டும் என்றானாம். முடிந்த பிறகு, இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே என்றானாம்.

நன்றாகத்தான் இருந்தான். நாங்கள் திரும்பி வந்தபோது அவன் வயல் பச்சைப் பசேல் என்று நின்றது. கோமுவைத் தூக்கிச் சுற்றி, "ஒங்க அப்பா ஒன் வயித்தச் சல்லடையா ஆக்கிட்டாரே" என்று கேலி பண்ணினான். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. வாரம் தவறாமல் அருவிக்குப் போய்க் குளித்தான். எனக்கே நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. டாக்டர் மட்டும் என்னை எங்கே கண்டாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "மச்சினன் எப்படி இருக்கான்?" நன்றாக இருக்கிறான் என்றால் பதில் பேசாமல் போய்விடுவார். அந்த மௌனம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

புரட்டாசியில் ஒரு காலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "எறும்பு ஊருத மாதிரி இருக்கு அத்தான்" என்றான். நாயின் பல் பட்ட அதே விரல். செண்பகம் ஒன்றும் நினைக்காமல் பனையோலை விசிறியால் அவனுக்கு வீசினாள். அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "வீசாத, வீசாத" என்று சுவரோரம் போய்விட்டான். காற்றே அவனுக்கு ஆகவில்லை. அடுப்படியில் கோமு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு தூக்கிப் போட்டதை நான் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். எங்கள் இருவருக்குமே தெரிந்துவிட்டது.

டாக்டர் வருவதற்குள் தெருவே கூடிவிட்டது. கட்டி எடுத்துக்கொண்டுபோய் மறுபடி அருவியில் நிறுத்தலாம் என்று பெரியப்பா கயிறு தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் வாசற்படியில் குறுக்கே நின்றார். "அவனத் தொடணும்னா மொதல்ல என்னத் தொடணும்" என்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். தண்ணீர்ப் பாத்திரங்களை வெளியே எடுக்கச் சொன்னார். எங்களைத் தனியே கூப்பிட்டு, "பிழைக்க மாட்டான். பேசுறவங்க இப்பமே பேசிக்கிடுங்க. புத்தி தெளிவாத்தான் இருக்கும், பைத்தியம்னு யாரும் சொல்லாதீங்க. எச்சி மேல படாம இருங்க" என்றார். அவன் வாயைத் துடைத்த செண்பகத்தையும் அவன் மனைவியையும் மறுநாளே ஊசிக்கு அனுப்பிவைத்தார்.

அசந்து கிடக்க ஊசி போடுவதற்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது குற்றாலிங்கம் அவர் கையைப் பிடித்தான். "கோமுக்கு ஊசி முழுக்கப் போட்டாச்சுல்லா?" என்று கேட்டான். போட்டாச்சு என்றார். "அப்பம் அவளுக்கு வராதுல்லா?" என்றான். அதற்கு டாக்டர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன், "எனக்கு?" என்றான். "ஒனக்கு ஒண்ணும் ஆகாது வே. தூங்கு" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து யாருக்கும் வராத வார்த்தை அது. அதைக் கேட்டதும் நான் வாசலுக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மச்சினனை எரித்துவிட்டு வந்த பிறகு என் பயமெல்லாம் கோமு மேல் திரும்பியது. அதே குட்டி, அதே நாள். ஊசியும் தாமதமாகத்தான் தொடங்கியது. டாக்டரிடம் போய், இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லும் என்று கெஞ்சினேன். "செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. அதுக்கு மேல சொன்னா பொய்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இனி உம் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் போகாவிட்டால் என்ன, அவர் என் வீட்டுக்கு வந்தார். வாரம் ஒருமுறை டிஸ்பென்சரி போகிற வழியில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பிள்ள, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்பார். கோமு செம்போடு வருவாள். "வெயில்ல விளையாடிட்டு வந்திருக்க, மொதல்ல நீ குடி" என்பார். அவள் அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் குடித்து முடித்ததும் தானும் ஒரு வாய் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போவார். ஏன் வருகிறார் என்று எனக்குப் புரியவே வெகுநாள் ஆயிற்று. வருஷங்கள் போயும் அவர் நிறுத்தவில்லை. ஆலங்குளத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த அன்று மணவறையில் பானகம் கொடுத்தபோதும், கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

அவரைப் பெரிய மகான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு பயமும், அந்தப் பயத்தோடு பார்க்கிற ஒரு பார்வையும்தான். என் மகள் உயிரோடு இருப்பது அந்தப் பயத்தால். அடக்கத்துக்காக ஆலங்குளத்திலிருந்து அவள் கைக்குழந்தையோடு வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு. கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் செம்பை எடுத்து அண்ணாந்தாள். நான் எதிரே போய் நின்றுகொண்டேன். பாதியில் நிறுத்தி, "என்னப்பா அப்படிப் பாக்கிய?" என்று கேட்டாள்.

"குடிச்சு முடிம்மா" என்றேன்.