ஒன்றுமே முளைக்கவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. காரைக்காலில் ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சுரக்குடியிலிருந்து தினமும் பஸ். பி.எஸ்ஸி. படித்துவிட்டு அட்டைப்பெட்டி ஒட்டியே காலம் போய்விடுமோ என்று வெறுத்துப் போயிருந்த நேரத்தில், மருந்து நிரப்பும் அறைக்கு ஆள் எடுத்தார்கள். நானும் பெயர் கொடுத்தேன்.

அந்த அறைக்குள் போவது லேசுப்பட்ட காரியமில்லை. அங்கே நிரப்பும் மருந்து சூடு தாங்காது. அதனால் மருந்தை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, கண்ணாடிக் குப்பியை அனலில் வாட்டி, ரப்பர் மூடியையும் நாங்கள் போடும் உடுப்பையும் நீராவியில் வேகவைத்து, கிருமி இல்லாமல் செய்துவிடுவார்கள். ஆளை என்ன செய்வது? வேகவைக்கவா முடியும்! அதற்குத்தான் ஒரு பரீட்சை. உச்சி முதல் பாதம் வரை மூடிக்கொண்டு, கையுறை போட்ட விரல்களை ஒரு தட்டில் அழுத்த வேண்டும். தட்டில் ஜெல்லி மாதிரி, கிருமிக்கான சாப்பாடு இருக்கும். அதை இதமான சூட்டில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு புள்ளி முளைத்தாலும் திரும்ப அட்டைப்பெட்டிதான். அன்றைக்கென்று பார்த்து எனக்கு மூக்கு அரித்தது பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அட்டைப்பெட்டியைவிட அப்பாவை நினைத்துத்தான் பயம். ப்ளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டபோது வெகுநாள் முகம் கொடுத்துப் பேசாதவர் அவர். அன்று சாயங்காலம் விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டே, பரீட்சை எப்படி என்று கேட்டார். விரலைத் தட்டில் அழுத்தியதையும், அதைச் சூட்டில் வைத்து என்ன முளைக்கிறது என்று பார்ப்பார்கள் என்பதையும் சொன்னேன். வேலை மும்முரத்தில் தலையாட்டினார்.

அதன்பிறகு தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், தட்டு என்னாச்சு என்பார். இன்னும் முளைக்கவில்லை என்பேன். கடைசி நாள் வரை நிச்சயமில்லையே, எனக்கு முகத்தில் ஈயாடாது. அவரும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

முடிவு வந்த அன்று, கிருமிப் பரிசோதனை செய்யும் மேடமே கேன்டீனுக்கு வந்து, தட்டு பளிச்சென்று இருப்பதாகச் சொல்லிக் கைகொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வீட்டுக்கு போன் போட்டேன். சந்தோஷத்தில் அழுகைதான் முதலில் வந்தது.

“அப்பா, ஒண்ணுமே மொளைக்கலப்பா.”

அப்பா என்னை மேலே பேசவிடவில்லை.

“சரி விடும்மா, அழுவாத. வெதைக்கிறது மட்டுந்தான் நம்ம கையில இருக்கு. அடுத்த போவத்துல பாத்துக்கலாம். பஸ்ஸுல வராத, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்.”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, கிளம்பியே விட்டார்! ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், வாசலில் மொபெட். கையில் எனக்குப் பிடித்த காராபூந்திப் பொட்டலம். என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டுக்கொண்டு நிற்கிறார். முளைக்காமல் இருப்பதுதான் பாஸ் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அட, நான் வேற நல்லா மொளைக்கணும்னு கோயில்ல வேண்டிக்கிட்டேனே” என்றார். நல்லவேளை, சாமி அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் டீக்கடையில், “எம்பொண்ணு கைபட்டா ஒண்ணும் மொளைக்காது, தெரியுமா” என்று பெருமை வேறு. கேட்டவர்கள் திருதிருவென்று விழித்தார்களாம்.

தோற்றுப்போனால் அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்து பயந்தே வளர்ந்தவள் நான். அதற்கான பதிலை ஜெயித்த அன்றே அவர் வாயால் கேட்டுவிட்டேன், அன்றிலிருந்து எந்தப் பரீட்சைக்கும் எனக்குப் பயமில்லை.