திரைக்கு நடுவே ஒரு பொட்டு

2003ஆம் ஆண்டு ஆயுத பூஜை அன்று நடந்தது இது. அப்போது நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணினி அறிவியல் ஆசிரியை. கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். வீட்டில் நானும் பத்து வயது மகளும் மட்டும்தான்.

"ஸ்டூல் போட்டு ஏறி வாசல்ல மாவிலை கட்டிடு" என்று மகளிடம் சொன்னது நான்தான். அதை இன்றுவரை யாரும் குத்திக்காட்டியதில்லை. என் மனசுதான் குத்திக்கொண்டிருக்கிறது. ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய, அவள் மல்லாந்து விழுந்து, பின்தலை வாசற்படியில் மோதியது. ரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, புத்தகமெல்லாம் பூஜையில் இருப்பதால் இன்றைக்குப் படிக்க வேண்டாம் என்று சிரிக்கக்கூடச் செய்தாள். அரைமணி கழித்து வாந்தி எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். அப்புறம் கண் சொக்கத் தொடங்கியது.

எங்கள் தெரு டாக்டர் பார்த்துவிட்டு, "தலையை உடனே ஸ்கேன் எடுத்துடுங்க. விழுப்புரத்துல ஒரு சென்டர்ல அவசரத்துக்கு ஆள் இருப்பாங்க, நான் போன் பண்ணிடறேன்" என்றார். வாழைக்கன்று கட்டிப் பூஜை போட்டிருந்த வாடகைக் காரை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார் டிரைவர். வழி நெடுக மகளைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தபடியே போனேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஸ்கேன் சென்டரில் ஒரு டெக்னீஷியனும் ஓர் ஆயாம்மாவும்தான் இருந்தார்கள். ஸ்கேன் மெஷினுக்கே பெரிய சந்தனப் பட்டை போட்டிருந்தார்கள். அதை இயக்கும் கம்ப்யூட்டரின் முன்னால் அந்த டெக்னீஷியன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், மன்னிச்சுக்குங்க. மானிட்டர் அவுட்டு. பூஜைக்குச் சுத்தம் பண்றேன்னு ஆயாம்மா ஈரத்துணியால தொடச்சிட்டாங்க, உள்ள தண்ணி எறங்கிடிச்சி."

"தூசியா கெடந்துச்சிப்பா. சாமிக்கு வெக்கிறத தொடைக்காம எப்பிடி வெக்கிறது?" என்றார் ஆயாம்மா, முக்கால் அழுகையில்.

மெஷினும் கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் இருக்கின்றன, திரை மட்டும்தான் இல்லை என்றார் டெக்னீஷியன். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்படியானால் இது நம் பாடம்! வரவேற்பறையில் பில் போடும் கம்ப்யூட்டரைக் காட்டி, "அந்த மானிட்டரைக் கழற்றி இதில் மாட்டுங்கள்" என்றேன்.

"அது இதுக்குச் சேராது மேடம்."

"ஏன் சேராது? மானிட்டர் என்றால் மானிட்டர்தானே? நான் பிளஸ் டூவுக்கு இதைத்தான் நடத்துகிறேன்."

அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். சர்வீஸ் இன்ஜினியர் எப்போதோ விட்டுப்போன ஒயர்கள் அதில் இருந்தன. ஸ்கேன் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். நான் கரும்பலகையில் வரைந்து காட்டும் பதினைந்து துளை சாக்கெட் அங்கே இல்லை. மூன்று தடித்த வட்டங்களும் அவற்றின் நடுவே பொடிப்பொடித் துளைகளுமாக, நான் கண்டிராத ஒரு வாய். அதில் ஓர் இணைப்பு ஒயரை மாட்டி, மறுமுனையில் வரவேற்பறை மானிட்டரைச் சேர்த்தார். திரை இருண்டே கிடந்தது. கீழே ஆரஞ்சு விளக்கு மட்டும் சிமிட்டியது.

"ஒயர் லூஸாக இருக்கும். அழுத்துங்கள்" என்றேன். அழுத்தினார். "கழற்றி மாட்டுங்கள்" என்றேன். கழற்றி மாட்டினார். ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பிறகுதான் அவர் நிதானமாகச் சொன்னார். "டீச்சர், இது பழைய காலத்துப் பெரிய கம்ப்யூட்டரு. ஒவ்வொரு வரியும் எங்க ஆரம்பிக்கணும்னு ஒரு சிக்னல் உண்டு இல்லீங்களா? நம்ம சாதாரண கம்ப்யூட்டர் அத தனி ஒயர்ல அனுப்பும். இது அப்பிடி இல்ல, பச்சைக் கலர் போற ஒயர்லயே சேத்து அனுப்பிடும். பச்சையில இருந்து அத பிரிக்கத் தெரிஞ்ச மானிட்டரு வேணும். பில்லு போடறதுக்கு அது தெரியாது."

பதினொரு வருட சர்வீஸில் எனக்கும் அது தெரியாது.

பாண்டிச்சேரிக்கே போய்விடலாமா என்று டிரைவரைக் கேட்டேன். பண்டிகைக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். பெஞ்சில் மகள் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"இருபது நிமிஷம் குடுங்க டீச்சர்" என்றார் டெக்னீஷியன். "பக்கத்துத் தெருவுல ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்குது. கல்யாண ஆல்பம் டிசைன் பண்றதுக்குன்னு சென்னையில ஒரு விளம்பரக் கம்பெனி கழிச்சிப்போட்ட பெரிய மானிட்டர அந்த ஆளு வாங்கினு வந்து வெச்சிருக்காரு. பின்னால அஞ்சு உருண்டை சாக்கெட்டு. அது சேரும்னு நெனைக்கிறேன். ஆனா நீங்களும் வாங்க. நான் போய்க் கேட்டா தரமாட்டாரு. என் பாஸ்போர்ட் போட்டோல காது ஒண்ணு பெருசா இருக்குதுன்னு போன மாசம் சண்டை போட்டுட்டேன்."

மகளை விட்டுப் போக மனமில்லை. ஆயாம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போம்மா. பாப்பா, தூங்காத, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாக்கலாம். தப்பா சொன்னா எனக்குத் தெரியாது, அதனால சரியா சொல்லு" என்றார். காருக்கு ஓடினோம்.

ஸ்டூடியோவில் அப்போதுதான் கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். கேமராக்கள், விளக்குகள், குடைகள் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றின் நடுவே சாமந்தி மாலையுடன் வீற்றிருந்தது அந்த மானிட்டர். ஒரு சின்னப் பீரோ அளவு இருக்கும். டெக்னீஷியன் விஷயத்தைச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார்.

"கொழந்த விஷயம், இல்லன்னு சொல்ல மாட்டேங்க. ஆனா பூஜையில வெச்சத நாளைக்கிக் காலையிலதான் எடுக்கணும். இன்னிக்கி எதையும் தொடக்கூடாது. எங்க அப்பா காலத்துல இருந்து..."

அவர் முடிக்கும் முன் உள்ளேயிருந்து சுண்டல் தட்டோடு வந்தார் அவர் மனைவி. "இன்னாய்யா பேசிக்கினு நிக்கிற? சாமி நாளைக்கிக் காலையில வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஜல்தி தூக்கு" என்றார். போகிற போக்கில் என் கையில் ஒரு பொட்டலம் சுண்டலையும் திணித்தார். மறுக்கக்கூட நேரமில்லை.

மானிட்டரை வேறு யாரையும் தொட விடவில்லை ஸ்டூடியோக்காரர். மாலையைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரின் முன்சீட்டில் ஏறினார். "யோவ், இதுக்கு எதனா ஆச்சி, உன் இன்னொரு காதையும் பெருசாக்கிடுவேன்" என்றார் டெக்னீஷியனிடம்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது, "எட்டேழு ஐம்பத்தாறு" என்று மகளின் குரல் கேட்டது. அதைப் போல இனிமையான குரலை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

மானிட்டரை மேசையில் வைத்ததும் ஆயாம்மா பழக்கத்தில் துணியை எடுத்தார். "அம்மா தாயே, கண்ணாடியத் தொடாத! யாரும் எதையும் தொடைக்கக் கூடாது" என்று அலறினார் டெக்னீஷியன். டப்பாவிலிருந்து இன்னோர் ஒயரை எடுத்தார். அதன் முனையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உருண்டை முனைகள். மூன்றையும் மாட்டித் திருகினார். இன்னும் இரண்டு துளைகள் காலியாக இருப்பதைப் பார்த்தேன். வாய் வரை வந்த கேள்வியை, அன்றைக்கு முதன்முறையாக, விழுங்கிக்கொண்டேன்.

திரை ஒரு முறை உதறியது. பாசி படிந்த குளம் போலப் பச்சையாக ஏதோ தெரிந்தது. உருண்டு உருண்டு, சட்டென்று நின்றது. எழுத்துகள்! ஸ்டூடியோக்காரர் கை தட்டினார். படம் முழுக்க லேசாகப் பச்சை அடித்தது. "பரவால்ல டீச்சர். பிலிம் வேற மெஷின்ல பிரிண்டாவும், அது சுத்தமா வரும். எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார் டெக்னீஷியன்.

மகளைப் படுக்கவைத்தோம். அந்தப் பெரிய வளையத்துக்குள் அவள் தலை போனது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், விளக்கைத் தணித்த அறையில், டெக்னீஷியன் பின்னால் நின்றேன். தலையின் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒன்று. இரண்டு. மூன்றாவது படத்தில் அதைப் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் வலப்பக்கமாக, மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி. நான்காவதிலும் இருந்தது. ஐந்தாவதிலும். அசையாமல், அதே இடத்தில்.

விரலால் அதைக் காட்டினேன். டெக்னீஷியனும் கையை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தார். அவர் அப்படிக் குனிந்ததுதான் என்னை உடைத்தது. ஸ்டூல், மாவிலை, வாசற்படி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் விழுந்தன. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாங்க அப்பிடிப் பாக்கறீங்க? அது என் பொண்டாட்டி வெச்ச குங்குமம்" என்றார். தோளில் கிடந்த துண்டின் நுனியால் மானிட்டர் கண்ணாடியை ஒரு தேய் தேய்த்தார். புள்ளி இழுபட்டு, மங்கி, போயே போய்விட்டது.

கறுத்திருந்த கண்ணாடியில் எங்கள் யார் கண்ணிலும் படாத அந்தச் சிவப்புப் பொட்டு, படத்தின் வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததும் கரும்புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. துடைக்க வந்தவரையும் தடுத்துவிட்டோம். முதலில் டெக்னீஷியன்தான் சிரித்தார். அடுத்து நான். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. "பாத்தியா? நான் தொடைக்கறேன்னுதான சொன்னேன்!" என்று வாசலில் நின்ற ஆயாம்மா போட்ட சத்தத்தில் மறுபடியும் சிரித்தோம். வளையத்துக்குள்ளிருந்து, "அம்மா, என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லு" என்றாள் மகள். "ஆடாதே!" என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

போன் போட்டு வரவழைத்த சென்டர் டாக்டர் பிலிமைப் பார்த்தார். உள்ளே ரத்தக் கசிவு எதுவும் இல்லை, வெளியே வீக்கம்தான், ஒருநாள் கவனித்துக்கொண்டால் போதும் என்றார். அதன் பிறகுதான் என் கையில் இன்னும் அந்தச் சுண்டல் பொட்டலம் இருப்பதைக் கவனித்தேன். நசுங்கிக் கூழாகியிருந்தது. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டோம்.

பள்ளி திறந்ததும் முதல் வகுப்பில், "மானிட்டர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தேன், அது தவறு" என்று மாணவர்களிடம் சொன்னேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மகள் வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டாள். ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பைப் பூஜையில் வைத்துவிட்டு, "ஓரமா வைம்மா பொட்ட" என்று கண்ணடிப்பாள். நான் ஓரமாகத்தான் வைக்கிறேன். வைத்துவிட்டு, அவள் பின்தலையை ஒரு முறை தடவிப் பார்க்காமல் என் கை திரும்புவதில்லை. எத்தனையோ பூஜைகளில் எத்தனையோ பிரசாதம் வாங்கியிருக்கிறேன். ஒரு துண்டின் நுனியில் அந்தப் பொட்டு அழிந்துபோன நொடியைப் போல ஒன்றை நான் இன்னும் வாங்கவில்லை.