பூனைக்கு நாலு கால்

தேனாம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் பாதி இடம் அம்மாவின் தையல் மெஷினுக்குப் போய்விடும். அதன் பக்கத்துத் தரை முழுக்கத் தங்கச்சியின் ராஜ்ஜியம். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. துணியில் குறி போட்டுத் தேய்ந்த சாக்பீஸ் துண்டுகளை அம்மா அவளிடம் கொடுத்துவிடுவாள். அவளும் தரையெல்லாம் கிறுக்கித் தள்ளுவாள்.

"இது இன்னா கண்ணு?" என்று அம்மா கேட்பாள். காலையில் தங்கச்சி அதைப் பூனை என்பாள். அதே கிறுக்கல் மத்தியானம் பஸ்ஸாகிவிடும். இரண்டுக்கும் அம்மா வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மூன்றாம் வகுப்பு. படம் வரைந்து பள்ளியில் முதல் பரிசு வாங்கியவள். என் பூனையை அம்மா இப்படிப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்து, காது, மீசை, நாலு கால், வால் என்று ஒழுங்கான பூனை ஒன்றைப் போடவைத்தேன்.

"அவ பாட்டுக்குப் போட்டுக்கினு கீறா, உடுடி" என்றாள் அம்மா. நானா விடுவேன்?

மறுநாள் தங்கச்சி சாக்பீஸை என் கையில் திணித்து, "நீ போடு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யானை, ஆட்டோ, பூ என்று போட்டுத் தள்ளினேன். அவள் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வாரமாக அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. அம்மா சாக்பீஸை நீட்டினால், "எனக்கு வராது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குழந்தை வரைவதையே விட்டுவிட்டாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அம்மாவுக்கு உறைத்தது.

அன்றைக்கு அவசர ஜாக்கெட் ஒன்றைப் பாதியில் போட்டுவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தாள். கழுத்து வளைவை ஒரே இழுப்பில் போடுகிறவள், இடது கையால் எதையோ கோணல்மாணலாகக் கிறுக்கி, "பூனை" என்றாள். பக்கத்தில் இன்னொன்று. அதுவும் பூனையாம். தங்கச்சி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கெக்கெக்கென்று சிரித்து, சாக்பீஸைப் பிடுங்கி, அந்தப் பூனையின் மேலேயே நீளமாக ஒரு கோடு இழுத்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு மனசு தாங்கவில்லை. சாயங்காலம் எங்கள் அப்பா, அத்தா, வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அம்மாக்கு ஒரு பூனைகூடப் போட வரல அத்தா. பாவம், அழுதுடுச்சு."

அத்தா அம்மாவைப் பார்த்தார். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழவேண்டாம், நாளைக்கு நானே கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறேன் என்று தேற்றினேன்.